நாற்பத்தோராம் பதிவு

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதமும் அதனுடன் இணைத்திருந்த பட்டியலும் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. உன் வலைப்பூவிலிருந்து நாற்பது பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு பதிப்பகம் புத்தகமாக வெளியிட இருக்கிறது என்ற செய்தி எனக்குத் தெரியும் முன்பே உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என் பெயருக்கு வந்த உறையை அவள் பிரித்தது முறையல்ல என்று சொன்னேன். "நான் பெத்த பொண்ணு எழுதுன கடுதாசியைப் பிரிக்க எந்த ஆபீசுல போய் அனுமதி வாங்கணும்?" என்று கேட்டாள். அதற்கான விதி என் கைவசம் இல்லை.

நாற்பதில் ஒன்பது நம் வீட்டைப் பற்றியவை என்றும், எனக்குச் சம்மதமில்லாதவற்றை அடித்து அனுப்பினால் நீக்கிவிடுவாய், காரணம் கேட்க மாட்டாய் என்றும் எழுதியிருக்கிறாய். இறுதிப் பட்டியல் இருபத்தைந்தாம் தேதிக்குள் பதிப்பாளருக்குப் போக வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

நாற்பதை மட்டும் பார்த்து என்னால் ஒப்புதல் தர இயலாது. வலைப்பூவில் மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டுப் பதிவுகள் உள்ளன. முழுவதையும் பார்க்காமல் கையெழுத்திடுவது என் வழக்கமல்ல. முதல் பதிவிலிருந்து வரிசையாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். இரண்டு வாரம் பொறுத்துக்கொள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்வதாக அம்மா சொன்னாள். செருப்பு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 19

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு இருவரும் நலம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை. குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று. நீ விட்டுச்சென்ற கறுப்புக் குடையை என் அலுவலகப் பையில் வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறை பயன்பட்டது.

முந்நூற்றுப் பதினெட்டையும் படித்து முடித்தேன். காலையில் புறப்படும் முன் ஒரு மணி நேரம், மதிய இடைவேளையில் அரை மணி நேரம் என்று பதினான்கு நாள் ஆயிற்று. எனக்கு எதிர்மேசையில் உட்காரும் வரைவாளர் மூன்றாம் நாளே பிடித்துவிட்டார். "சார், சாப்பாட்டை ஆறவிட்டுட்டு போனைப் பார்த்துத் தனியா சிரிக்கிறீங்க. வீட்டுல சொல்லட்டுமா?" என்றார். உன் வலைப்பூ என்று சொன்னதும் பழைய கிண்டல் மறுபடி கிளம்பியது. மின்தூக்கி ஆய்வாளரின் மகள் தன் வலைப்பூவுக்கு 'மாடிப்படி' என்று பெயர் வைத்தாள் என்பதை ஏழு ஆண்டுகளாக அவர்கள் மறக்கவில்லை. "அப்பா கையெழுத்து மேல பொண்ணுக்கு அவ்வளவு நம்பிக்கை" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதல் பதிவு 'மழை'. உனக்கு அப்போது பதினாறு வயது. அதில் 'மிக' என்ற சொல் பதினொரு முறை வருகிறது. கொட்டும் மழையில் முழுநிலாவும் வருகிறது. இரண்டில் ஒன்றை நீ பார்த்திருக்க முடியாது. கீழே ஒரே ஒரு பின்னூட்டம், அதுவும் உன் அம்மாவுடையது: "சூப்பர் தங்கம், தட்டு வச்சாச்சு, வா." அடுத்த அறையிலிருந்து எழுதியிருக்கிறாள்.

எட்டுப் பதிவுகள் வரை நிலா விடவில்லை. ஒன்பதாவதில் 'நர்ஸக்கா' என்ற பெயரில் ஒருவர் வந்து எழுதியதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "நிலா போதும் தங்கச்சி. பஸ்ஸுல வந்தேன்னு எழுதுறியே, பக்கத்துல யாரு உக்காந்திருந்தாங்க? அதைச் சொல்லு." பத்தாவது பதிவில் நிலா இல்லை. இடுப்பில் சாவிக்கொத்தோடு தூங்கி வழியும் பூட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். பேருந்து குலுங்கும்போதெல்லாம் சாவிகள் ஒலிக்கின்றன. அவர் கண்ணைத் திறக்காமலே அவற்றைக் கையால் பொத்திக்கொள்கிறார். அந்தக் கை என் மனதில் நின்றுவிட்டது. ஒரு வாரத்துக்குள் ஒருத்தி இவ்வளவு தூரம் வர முடியுமா என்று தேதியை மறுபடி சரிபார்த்தேன். ஏழே நாள்தான்.

அதற்கு முன் நீ நோட்டுப் புத்தகங்களில் எழுதினாய். அவை இன்னமும் உன் அலமாரியில் உள்ளன. அம்மாவின் முன்னிலையில் எடுத்துப் பார்த்தேன்; அனுமதியின்றிப் பார்த்ததற்கு மன்னிக்கவும். பதினாறு கதைகள், பதினாறும் பாதியில் நிற்கின்றன. வலைப்பூவில் பாதியில் நின்றது ஒன்றுகூட இல்லை. ஒரு வியாழக்கிழமை "காய்ச்சல். நூற்றிரண்டு டிகிரி. அடுத்த வியாழன் முழுதாக வருகிறேன்" என்று இரண்டு வரி மட்டும் போட்டிருக்கிறாய். அதற்கும் நாற்பது பேர் வந்து கஷாயம் சொல்லியிருக்கிறார்கள். யாரோ காத்திருக்கிறார்கள் என்பது உன்னை முடிக்க வைத்திருக்கிறது. நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே "எழுதியதை முடி, எழுதியதை முடி" என்று சொன்னதால் நடக்காத காரியம் இது. முகம் தெரியாத அந்த நாற்பது பேருக்கும் நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நேற்று உன் கடைசிப் பதிவின் கீழ் "அனைவருக்கும் நன்றி" என்று எழுதினேன். "யாரு சார் நீங்க, கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முப்பத்தெட்டாம் பதிவில் ரொட்டிக் கடை அடுப்பைப் பற்றி எழுதி, வேகும்போது நடுவில் கதவைத் திறந்து பார்த்ததாகச் சொன்னாய். ரொட்டிக்காரர் ஒருவர் பொரிந்து தள்ளிவிட்டார்: "நடுவுல திறந்தா ரொட்டி உக்காந்துரும்மா, யாரு உனக்குச் சொன்னது?" நீ அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நீ அப்படிச் செய்யவில்லை. தவறான வரியை ஒரே கோட்டால் அடித்து, படிக்கத் தெரியும்படி விட்டு, கீழே சரியானதை எழுதித் தேதியிட்டிருக்கிறாய். அது முதல் இன்று வரை நாற்பத்தேழு இடங்களில் அப்படியே. என் ஆய்வுப் பதிவேட்டின் விதியும் அதுதான்: அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, ஒரே கோடு, அருகில் திருத்தம், தேதி, கையெழுத்து. இதை நான் உனக்குச் சொன்னதாக நினைவில்லையே என்றேன் அம்மாவிடம். "சாப்பாட்டு மேசை பூராவும் உங்க பதிவேடுதானே கிடக்கும்? குழந்தை குழம்பைப் பார்த்துச்சோ இல்லையோ, அதைத்தான் பார்த்துச்சு" என்றாள்.

பிந்தைய பதிவுகளைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அவற்றில் பிழை பிடிக்க உட்கார்ந்த நான் அதை மறந்துவிட்டேன். உன் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்த ஓட்டுநர், எழுத்து அட்டையை வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்து ஒப்பித்ததும், அதைக் கண்டுபிடித்த நீ அவரைக் காட்டிக்கொடுக்காமல் "அட்டையைத் திருப்பி மாட்டியிருக்கேண்ணா, இப்பச் சொல்லுங்க" என்று கேட்டதும், அவர் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதும் ஒரு பதிவில் வருகின்றன. அம்மாவுக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு வரும்போது கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

இனி, நான் எழுதத் தயங்கிக்கொண்டிருக்கும் பகுதி.

அறுபத்து மூன்றாம் பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏழு மாதம் வெற்றாக இருக்கிறது. அறுபத்து மூன்றின் கீழ்ப் பதினான்கு பேர் உன் புனைபெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்: "படியேறி, எங்கே போனே?", "உடம்பு சரியில்லையா?", "நம்ம மேல கோபமா?" அவற்றை இப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன். அந்தப் பதினான்கு பேருக்கும் பதில் தெரிந்தவர் அப்போது உலகத்திலேயே இருவர்தான். நீயும் நானும்.

இரண்டு வாரத்துக்கு முன், முழுவதையும் பார்க்காமல் கையெழுத்திடுவது என் வழக்கமல்ல என்று உனக்கு எழுதினேன். வழக்கமல்ல என்பது உண்மை. ஒருமுறை செய்தேன் என்பதும் உண்மை. அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆறு ஆண்டுகளாக நாம் இருவரும் அதைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கிறோம்.

அன்று உன் பள்ளியில் நான்கு மணிக்குக் கட்டுரைப் பரிசளிப்பு. உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் ஒரு கட்டடத்தின் ஆண்டு ஆய்வு மீதம் இருந்தது. ஒன்பது மாடி. பிரேக்கைச் சோதிக்க வேண்டுமானால் ஒன்பதுக்கும் மேலே உள்ள இயந்திர அறைக்கு ஏறி, மூடியைக் கழற்றி, தேய்மானத்தை அளக்க வேண்டும். நாற்பது நிமிட வேலை. நான் மூன்றாம் மாடி வரை போய்த் திரும்பினேன். ஓட்டம் சீராக இருந்தது. 'பிரேக் சோதிக்கப்பட்டது, சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து அந்த மின்தூக்கி இரண்டாம் மாடியில் தளத்துக்கு ஒரு சாண் கீழே போய் நின்று கதவைத் திறந்தது. உள்ளே கால் வைத்த தையல்காரம்மா விழுந்தார். வலது கணுக்கால் முறிந்தது. விசாரணையில், பன்னிரண்டு நாளுக்கு முன் பிரேக் சரியாக இருந்தது என்பதற்கு என் கையெழுத்தே சான்றாயிற்று. திடீர்த் தேய்மானம், யார் மீதும் குற்றமில்லை என்று முடித்தார்கள். என் கையெழுத்தை வைத்து அலுவலகத்தில் கிண்டல் செய்யும்போதெல்லாம் நான் சிரித்த சிரிப்பின் அடியில் இருந்தது இதுதான்.

விசாரணை முடிந்த அந்த வாரம் நீ எழுதிய பதிவு ஒன்றரைப் பக்கம்தான். கட்டடத்தின் பெயர் இல்லை, விபத்து இல்லை, குற்றச்சாட்டு இல்லை. பரிசளிப்புக்கு இஸ்திரி போட்ட சீருடையுடன் ஒரு பெண் கீழே வரவேற்பறையில் நிற்கிறாள். மின்தூக்கியின் மேல் ஒளிரும் எண்களைப் பார்க்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு மறுபடி இரண்டு, ஒன்று. "நான்கு நிமிடத்தில் அப்பா வந்துவிட்டார். எண் ஒன்பதுக்குப் போகவே இல்லை. பரிசளிப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். நாங்கள் நேரத்துக்குப் போய்விட்டோம்." அவ்வளவுதான்.

குற்றம் சாட்டியிருந்தால் வாதாடியிருப்பேன். அதில் வாதாட இடமில்லை. அரை மணி நேரத்தில் அது இருக்கக் கூடாது என்றேன். என் கண்முன்னே நீக்கினாய். "நீக்கிட்டேன்ப்பா, பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாய். அதன் பிறகு ஏழு மாதம் எழுதவில்லை. நாற்பத்தேழு பிழைகளைக் கோடு போட்டுப் பாதுகாத்தவள், உண்மை ஒன்றை மட்டும் சுரண்டி எடுத்தாய். எடுக்க வைத்தவன் நான்.

நீ மறுபடி எழுதத் தொடங்கியதற்கு இன்று வரை நான் உனக்கு நன்றி சொன்னதில்லை. நான் உன்னை நிறுத்திய இடத்திலேயே நீ நின்றிருந்தால், இந்த இரண்டு வாரம் எனக்குக் கிடைத்திருக்காது.

சனிக்கிழமை அந்தக் கட்டடத்துக்குப் போனேன். புறப்படும் முன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஆறு வருஷமா அந்தத் தெருவை விட்டுட்டு ரெண்டு தெரு சுத்திப் போறீங்க. மார்க்கெட்டுக்கு அதுதான் குறுக்கு வழின்னு எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். போயிட்டு வாங்க" என்றாள்.

தையல்காரம்மா இன்னமும் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறார். நான் யார் என்று சொல்லி, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஆறு வருஷம் கழிச்சு வந்து கேக்குறீங்களே சார், இவ்வளவு நாளா லிஃப்ட்லயா மாட்டிக்கிட்டிருந்தீங்க?" என்றார். பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். தையல் இயந்திரம் நின்றது. நான் நின்றுகொண்டே இருந்தேன். "உக்காருங்க. இதுக்கு என்கிட்டேருந்து நல்ல வார்த்தை வராது. ஆனா உக்காருங்க, நிக்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் கால் வலிக்குது" என்றார். வலது கால் சரியாக மடங்குவதில்லையாம். இடது காலால் மிதிக்கப் பழக ஒரு வருடம் பிடித்ததாம்.

உன் பதிவைப் பற்றியும் சொன்னேன். தன்னைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை, அவளுக்கு உங்களைத் தெரியாது என்றேன். "அப்ப என்னையும் போடச் சொல்லுங்க. விழும்போது என் கையில வாடிக்கைக்காரம்மாவோட பச்சைத் துணி இருந்துச்சு. கீழே படாம உசத்தியே பிடிச்சிருந்தேன். ஒரு பொட்டு அழுக்கில்ல. அதை எழுதச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். உனக்கு விருப்பமிருந்தால் நேரில் வந்து பார். அவர் உன்னைவிட நன்றாகக் கதை சொல்வார்.

திங்கட்கிழமை தலைமை ஆய்வாளரிடம் என் கைப்பட எழுதி ஒப்படைத்தேன். நகல் இத்துடன் இருக்கிறது. அவர் படித்துவிட்டு, "இதை யாரும் கேக்கலையேய்யா" என்றார். ஆம், கேட்கவில்லை என்றேன். என்ன முடிவு வரும் என்று தெரியவில்லை. இப்போதைக்குக் களப்பணியிலிருந்து விலக்கி மேசை வேலை கொடுத்திருக்கிறார்கள். வரைவாளர் இப்போது கிண்டல் செய்வதில்லை. அது மட்டும் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. நீ கவலைப்பட வேண்டாம், இதற்காகப் பட்டியலில் எதையும் மாற்றவும் வேண்டாம்.

பட்டியலைத் திருப்பி அனுப்புகிறேன். நாற்பதில் எதையும் நான் அடிக்கவில்லை. என் வழுக்கையைப் பற்றியது உள்பட. கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: நாற்பத்தொன்று.

அந்தப் பதிவு உன்னிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னிடம் இருக்கிறது. எந்த ஆவணத்தையும் நகல் எடுக்காமல் அழிக்கக் கூடாது என்பது விதி. அன்று உன்னைக் கூப்பிடுவதற்கு முன் நான் செய்த முதல் வேலை, அதை அச்செடுத்தது. ஆறு ஆண்டுகளாக 'இதர' என்று எழுதிய கோப்பில் இருந்தது. உறையில் வைத்திருக்கிறேன், இரண்டு தாள். அதன் கீழ் நர்ஸக்கா எழுதிய ஒரு வரியும் அச்சாகியிருக்கிறது, நீ நீக்கும் முன் அதைப் படித்தாயா என்று தெரியவில்லை: "இதை அப்பாகிட்ட காட்டுனியா தங்கச்சி? காட்டு. புரிஞ்சுக்குவார்." அவருக்குச் சொல், ஆறு ஆண்டு ஆயிற்று என்று.

சேர்ப்பதும் விடுவதும் உன் முடிவு. காரணம் கேட்க மாட்டேன். ஆனால் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாழ்நாளில் நான் யாரிடமும் அதிகம் கேட்டதில்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்.

சேர்த்தால் ஒரு சொல்லைக் கூட மெருகேற்றாதே. பதினேழு வயதில் எழுதியது அப்படியே நிற்கட்டும். ஒரே ஒரு பிழை மட்டும் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக் காவலாளியிடம் கேட்டு, படிக்கட்டின் அடியில் கட்டி வைத்திருந்த பழைய வருகைப் பதிவேடுகளில் அந்த நாளைத் தேடிப் பார்த்தேன். உள்ளே மூன்று இருபத்தொன்று, வெளியே மூன்று இருபத்து நான்கு, இரண்டும் என் கையெழுத்தில். நான் உள்ளே இருந்தது நான்கு நிமிடம் அல்ல. நீ எனக்காக ஒரு நிமிடம் கூட்டிக் கொடுத்திருக்கிறாய்.

நான்கு என்பதை அழிக்காதே. ஒரே கோட்டால் அடி, அருகில் மூன்று என்று எழுது, தேதியிடு. திருத்தியவர் என்ற இடத்தில் என் கையெழுத்து வர வேண்டும். அதற்காக ஓரத்தில் இடம் விட்டு, புத்தகத்தின் முதல் படியை எடுத்துக்கொண்டு நீயே வீட்டுக்கு வா. நன்றாக இரு, மகளே. நிறைய எழுது.

அன்புடன்,
அப்பா